மலர்விழி வீட்டு ரவுட்டர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு வாக்கியங்கள் பழகிவிடும். ஒன்று, 'வாடிக்கையாளர் போன் எடுக்கவில்லை.' இன்னொன்று, 'ரவுட்டர் நம்முடையது இல்லை.' இந்த இரண்டில் எதை எழுதினாலும் கம்ப்ளைன்ட் மூடிவிடும். திரையில் சிவப்பாக இருந்தது பச்சையாகிவிடும். நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம்.

இந்த வாக்கியங்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் உண்மைதான். கம்ப்ளைன்ட் கொடுத்துவிட்டு போனைப் பரணில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எங்கேயோ வாங்கிய ரவுட்டரை மாட்டிக்கொண்டு, அது சூடாகிறது என்று நம்மைத் திட்டுகிறவர்களும் உண்டு. நான் சொல்லப்போவது, இரண்டு வாக்கியமும் உண்மையாகவே இருந்து, இரண்டுமே உதவாமல் போன ஒரு வீட்டைப் பற்றி.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. எஸ்.டி.டி. பூத்தில் ஆரம்பித்து, கேபிள் டிவி அலுவலகத்தில் கொஞ்ச காலம் இருந்து, கடைசியாக திண்டுக்கல் கிளையில் பிராட்பேண்ட் கம்ப்ளைன்ட் பிரிவைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவள். கம்பி மாறியது, பெட்டி மாறியது. 'வரலைங்க' என்று ஆரம்பிக்கும் குரல் மட்டும் மாறவே இல்லை. கருவிகளைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு நாள் காலை, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அலுவலகத்துக்குள் வேகமாக வந்தார். சித்தையன்கோட்டைக்கு மினி பஸ் ஓட்டுகிறவர். பெயர் பாண்டி. ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவில் வந்திருக்கிறார் என்பது அவர் உட்காராததிலிருந்தே தெரிந்தது.

"மேடம், நாகல் நகர்ல மலர்விழிங்கிற பேர்ல ஒரு கனெக்சன் இருக்கு. அது எம்பொண்டாட்டி. அவ ஆப்புல கம்ப்ளைன்ட் குடுத்துக் குடுத்து அலுத்துப் போச்சு. குடுத்த அன்னைக்கே மூடிப்புடுறீங்க."

திரையில் பார்த்தேன். வரிசையாக இருந்தது. வாடிக்கையாளர் போன் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் போன் எடுக்கவில்லை. கீழே மறுபடியும் அதுவே. ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறு: நம் ஆள் நேரில் போயிருக்கிறார், 'சொந்த ரவுட்டர், நம்முடையது இல்லை' என்று எழுதியிருக்கிறார்.

"போன் எடுக்கலன்னு இருக்கே தம்பி" என்றேன்.

"அவளுக்குக் காது கேக்காது மேடம். பொறந்ததுலருந்தே. எப்புடி எடுப்பா?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"போடாமயா இருப்பேன்? பஸ்ஸ ஓரங்கட்டிட்டுப் போட்டேன். கனெக்சன் யார் பேர்ல இருக்கோ அவங்களப் பேசச் சொல்லுங்கன்னாங்க. அவங்களுக்குக் காது கேக்காதுன்னேன். அப்பச் சரி, அவங்க வந்ததும் பேசச் சொல்லுங்கன்னு வச்சுப்புட்டாங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வாசலில் இன்னொரு மினி பஸ் ஹாரன் அடித்தது. "இன்னைக்கு ஒரு நாளாச்சும் ஆள அனுப்புங்க மேடம். இன்னைக்கு அவளுக்கு முக்கியமான வகுப்பு. வாரேன்" என்று ஓடிவிட்டார்.

என்ன வகுப்பு என்று கேட்பதற்குள் போய்விட்டார்.

நான் ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன். அந்தக் கம்ப்ளைன்டில் நேரில் போயிருந்தது அவர்தான். கெட்டிக்கார டெக்னீஷியன். கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் வேகம்.

"அக்கா, அந்த வீடா? நான் போயிட்டு வந்துட்டேனே. நம்ம மோடம் நல்லா ஓடுது. அவுக தனியா ஒரு ரவுட்டர வாங்கிச் சொருகி வச்சிருக்காக. நம்ம சாமான் இல்ல, நம்ம பொறுப்பு இல்லன்னு தெளிவாச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் பேசல. கோவமா இருக்காங்க போலன்னு வந்துட்டேன்."

காரணத்தைச் சொன்னேன். ஆரோக்கியம் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "வாங்கக்கா, போவோம்."

நாகல் நகரில் குறுகலான தெரு, பழைய காலத்துத் தடித்த சுவர் வைத்த மாடி வீடு. அழைப்பு மணியை அழுத்தியதும் உள்ளே சத்தம் வரவில்லை. ஜன்னல் வழியாக ஒரு விளக்கு விட்டுவிட்டு எரிவது தெரிந்தது. மலர்விழி கதவைத் திறந்தார். முப்பது வயது இருக்கும். எந்தப் பூவும் கோடும் இல்லாத கருநீலச் சுடிதார். கையில் ஒரு வளையல்கூட இல்லை. வேலைக்கான உடை அது என்று பிறகுதான் தெரிந்தது. கைகள் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

ஆரோக்கியத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. போனில் தட்டி என்னிடம் நீட்டினார். 'இவர் போன முறை வந்தார். சுவரைப் பார்த்து ஏதோ பேசினார். போய்விட்டார்.'

"மோடத்தப் பாத்துக்கிட்டே சொன்னேன்கா" என்றார் ஆரோக்கியம் மெதுவாக. "சத்தமாத்தான் சொன்னேன்."

நான் என் போனை எடுத்துத் தட்டினேன். அன்றைக்கு எங்கள் பேச்சு முழுக்க அப்படித்தான் நடந்தது. அவர் தட்டுவார், நான் படிப்பேன். நான் தட்டுவேன், அவர் படிப்பார். வேகமாகப் பேசிப் பழகிய எனக்கு முதலில் மூச்சு முட்டியது. பிறகு ஒன்றைக் கவனித்தேன்: தட்ட வேண்டியிருப்பதால் தேவையில்லாத எதையும் நான் சொல்லவில்லை.

அவருடைய வேலை இதுதான். காது கேளாத சின்னப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு வீடியோ வழியாகச் சைகை மொழி கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பெற்றோருக்குக் காது கேட்கும், வாயால் பேசிப் பழகியவர்கள். தங்கள் வீட்டுக் குழந்தையோடு எப்படிப் பேசுவது என்று தெரியாமல் திகைத்து நிற்பவர்கள். அவர்களுக்கு மலர்விழி வாரத்தில் சில நாட்கள் வகுப்பு எடுக்கிறார். மாடியில் பின்பக்கத்து அறைதான் வகுப்பறை. வெள்ளைச் சுவர், நல்ல வெளிச்சம், ஒரு லேப்டாப்.

நம் ஆட்கள் மோடத்தை வைத்திருந்தது கீழே, வாசல் பக்கம். கம்பி உள்ளே நுழைகிற இடத்திலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சுவர்களைத் தாண்டி மாடிக்கு வைஃபை ஏறவில்லை. அதனால் அவரே விசாரித்து ஒரு நல்ல ரவுட்டராக வாங்கி, கடைக்காரரை வைத்து மாடிக்குக் கம்பி இழுத்துப் பொருத்திக்கொண்டார். செய்தது சரியான காரியம். ஆனால் கடைக்காரர் கீழே இருக்கும் மோடத்தின் வைஃபைக்கும் மேலே இருக்கும் ரவுட்டரின் வைஃபைக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டார். லேப்டாப் கொஞ்ச நேரம் இதைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொள்ளும். மாறுகிற ஒவ்வொரு தடவையும் படம் நின்றுவிடும்.

படம் நிற்பது என்றால் உங்களுக்கும் எனக்கும் என்ன? 'ஹலோ, கேக்குதா?' என்போம், விட்ட இடத்திலிருந்து பேசுவோம். மலர்விழி எனக்கு எழுதிக் காட்டினார்: 'நின்றால் என் கை பாதிச் சொல்லில் நிற்கும். பாதிச் சொல் வேறு சொல் ஆகிவிடும்.'

அப்படி ஆகியும் இருக்கிறது. தொப்பம்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனலட்சுமி என்று ஒரு அம்மா. மூன்று வயதுப் பையன், பெயர் முகில். 'இன்னும் வேண்டும்' என்பதையும் 'போதும்' என்பதையும் மலர்விழி அந்த அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்த நாளில் படம் நின்றுநின்று வந்திருக்கிறது. அவர் சொல்லிக்கொடுத்த விதத்தில் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகிற சைகைகள், முடிவில்தான் வித்தியாசம். முடிவு தனலட்சுமிக்குத் தெரியவில்லை. ஒரு வேளைக்கு ஒரு மாதிரியாக இரண்டையும் மாற்றிமாற்றிப் பையனுக்குப் பழக்கிவிட்டார். பையன் போதும் என்பான், அம்மா இன்னொரு கரண்டி வைப்பார். இன்னும் வேண்டும் என்று கை காட்டுவான், தட்டை எடுத்துவிடுவார். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் அழுகைதான். அடுத்த வகுப்பில்தான் விஷயம் தெரிந்தது. தனலட்சுமி திரையிலேயே அழுதுவிட்டாராம்.

'அதைப் பார்த்த முகிலின் அப்பா, இந்தக் கை ஆட்டுகிற வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்' என்று எழுதினார் மலர்விழி. 'அவன் அம்மா கெஞ்சியிருக்கிறார். இன்று ஒரு நாள் அப்பாவும் உட்காருவார். பிடித்தால் தொடரும். இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள். நான்கு மணிக்கு.'

பாண்டி முக்கியமான வகுப்பு என்றது இதைத்தான்.

நேரம் இருந்தது. ஆரோக்கியம் வேலையில் இறங்கப் போகும்போது என் போன் அடித்தது. மேனேஜர். காந்திகிராமம் பக்கம் ரோட்டைத் தோண்டியதில் ஃபைபர் அறுந்துவிட்டதாம். "வசந்தா, ஆரோக்கியம் எங்க? உடனே அனுப்பு. நீ என்னமோ சொந்த ரவுட்டர் வச்ச வீட்டுல போய் உக்காந்திருக்கியாம்?"

"ஆமா சார். செத்த நேரம் குடுங்க. முடிச்சதும் அனுப்புறேன்."

"அங்க ஒரு ஏரியாவே நிக்குது. இங்க ஒரு வீடு. மோடத்துல லைட் எரியுதா பாரு, எரிஞ்சா மூடிட்டு வா. நமக்கு அம்புட்டுத்தான் வேலை."

இந்த இடத்தில் நீங்களும் ஒரு நாள் நிற்பீர்கள். மேனேஜர் கெட்டவர் இல்லை. அவர் கணக்கும் தப்பில்லை. நான் கேட்டது ஒன்றுதான்: "அங்க இப்ப யார் யார் சார் இருக்காங்க?" சொன்னார். கம்பியை ஒட்டத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே பள்ளத்துக்குள் இருந்தார்கள். இன்னொருவர் போனால் மேலே நின்று எட்டிப் பார்க்கலாம். இங்கே இருப்பதோ ஒரே ஒரு ஆள். "சார், நான் நிறுத்தி வச்சேன்னு எழுதிக்கோங்க. நாலு மணிக்கு மேல வருவாப்ல" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு வைத்தார்.

பெரிய தகராறில் ஆள் எண்ணிக்கை கூடினால் வேலை நடப்பது போலத் தோன்றும். யார் போனால் எங்கே நிஜமாக ஏதாவது மாறும் என்று மட்டும் பாருங்கள்.

சரி, இப்போது ஆரோக்கியத்தின் விஷயம். போன தடவை நடந்ததற்காக மனுஷனுக்கு உள்ளுக்குள் உறுத்தல். இந்தத் தடவை அசத்திவிட வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டார். "அக்கா, நம்ம மோடத்த வெறும் பாலம் மாதிரி ஆக்கிருவோம். லைன் அது வழியாச் சும்மா போகட்டும். மத்த வேல பூராம் அவங்க ரவுட்டரே பாத்துக்கிரட்டும். பக்காவா இருக்கும்."

கேட்க நன்றாக இருந்தது, சரி என்றேன். மாற்றினார். மாற்றியதும் மொத்தமாக நெட் போய்விட்டது. நம் சர்வருக்கு அந்த வீட்டு மோடத்தைத்தான் அடையாளம் தெரியும். திடீரென்று வேறொரு பெட்டி வந்து கதவைத் தட்டினால் திறக்காது. கண்ட்ரோல் ரூமில் சொல்லித்தான் திறக்க வைக்க வேண்டும். கண்ட்ரோல் ரூமுக்கு அடித்தால் பிஸி. மறுபடி அடித்தால் மறுபடி பிஸி. காந்திகிராமத்துக்காரர்கள் எல்லோரும் அந்த நம்பரில்தான் இருந்தார்கள்.

ஆரோக்கியத்துக்கு வியர்த்துவிட்டது. "லைன் கெடைச்சா ஒரு நிமிச வேலைக்கா. இன்னும் ஒருக்கா அடிச்சுப் பாக்குறேன்."

மலர்விழி கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

நான் இரண்டு முடிவு எடுத்தேன். முதலாவது ஆரோக்கியத்திடம்: "போதும்ப்பா. பழையபடி மாத்து. மோடம் மோடமாவே இருக்கட்டும். அதோட வைஃபைய மட்டும் அணச்சு விடு. வைஃபை பூராவும் இவங்க ரவுட்டர் குடுக்கட்டும்."

"அது அம்புட்டு நல்லா இருக்காதுக்கா. நான் சொன்னதுதான் சுத்தமான வேல."

"சுத்தமான வேலதான். ஆனா நாளைக்கு ஒரு கோளாறுன்னா? நம்ம ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எட்டிப் பாக்க ஒண்ணுமே இருக்காது. மறுபடி 'நம்மது இல்ல'ன்னு எழுதுவானுக. மோடம் நம்ம கையில இருந்தா, வாசல் வரைக்கும் நாம பதில் சொல்லியாகணும். உள்ள அவங்க இஷ்டம்."

அவர் யோசித்தார், தலையசைத்தார். ஆனால் பழையபடி மாற்றினாலும், குழம்பிப் போன சர்வர் தெளிந்து உள்ளே விட நேரம் எடுக்கும். நான்கு மணிக்கு முன் அது நடக்காது. அதனால் இரண்டாவது முடிவு: வகுப்பை என் போன் டேட்டாவில் நடத்துவது. மாடி அறையில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வராந்தாவில் ஒன்று. மொட்டை மாடிக்கு ஏறினால் முழுசாக வந்தது.

மலர்விழிக்கு எழுதிக் காட்டினேன்: 'மொட்டை மாடியில் எடுக்க முடியுமா?'

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டார். நான் ஸ்டூலைத் தூக்கினேன்.

வெயில் இறங்க ஆரம்பித்திருந்தாலும் சூடு குறையவில்லை. கொடியில் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. முதல் காரியமாக அவற்றை உருவிப் போட்டார். பின்னால் எது ஆடினாலும் பார்க்கிறவர் கண் அங்கே போய்விடும் என்று எனக்கு அப்போது தெரியாது. தண்ணீர்த் தொட்டியின் சுவரைப் பின்னணியாக்கிக்கொண்டு, வெயில் பக்கவாட்டில் தன் மேல் விழும்படி நின்றார். நான் என் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தேன். பிடிக்கக் கூடாது என்று கையை ஆட்டினார். நிழல் பாதிக் கையில் விழுகிறது. குடையை லேப்டாப் பக்கம் திருப்பிவிட்டார். திரை தெரியாமல் வெயில் அடித்தது அங்கேதான்.

ஆக, அன்றைக்கு அந்த வகுப்பில் என் உத்தியோகம் லேப்டாப்புக்குக் குடை பிடிப்பது.

அழைப்பு போனது. திரையில் தனலட்சுமி வந்தார். மடியில் முகில். முன்னால் ஒரு கிண்ணத்தில் வெட்டிய மாம்பழம். பக்கத்தில், பாதி உடம்பு மட்டும் தெரிகிறபடி, தோளில் துண்டோடு ஒரு ஆள். அப்பா. படம் நிற்கவில்லை. நான் மூச்சுவிட்டேன்.

வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். தனலட்சுமியும் மலர்விழியும் மெதுவாகக் கைகளால் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்த அப்பா, திடீரென்று திரையைப் பார்த்து வாய் திறந்தார்.

"ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேக்கோணும்ங்க. இப்படிக் கையிலயே பேசிப் பழக்கிட்டோம்னா, பையன் வாயைத் தொறந்து பேசவே மாட்டான்னு ஊருக்குள்ள சொல்றாங்க. நெசம்ங்களா?"

தனலட்சுமி கையைத் தூக்கினார். அந்தக் கேள்வியைச் சொல்ல அவருக்குச் சைகை போதவில்லை. போதியிருந்தாலும் டீச்சரிடம் அதைக் கேட்க வெட்கமாக இருந்திருக்கும். கை அப்படியே நின்றது. மலர்விழி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதோ கேட்கப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது, என்ன என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி என் காதில் மட்டும்தான் விழுந்தது. எனக்கு ஒரு பதிலும் வாய் வரை வந்துவிட்டது. 'அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க, தைரியமா இருங்க' என்று குடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் அந்த மனுஷன் சமாதானமாகியிருக்கலாம். ஆனால் நான் நெட் சரிசெய்ய வந்தவள். அவர் கேட்டது டீச்சரிடம். நடுவில் நான் புகுந்து பதில் சொன்னால், டீச்சருக்குக் காது கேட்காது, அதனால் டீச்சரிடம் பேச முடியாது என்பதைத்தான் அவருக்கு நான் உறுதி செய்து காட்டியிருப்பேன்.

குடையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவர் கேட்டதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தட்டி மலர்விழியிடம் காட்டினேன்.

படித்தார். கோபப்படவில்லை. இந்தக் கேள்வியை அவர் எத்தனை வீட்டில் பார்த்திருப்பாரோ. குனிந்து லேப்டாப்பில் பதில் தட்டினார். அந்தப் பக்கம் தனலட்சுமி எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். "டாக்டர் சொல்வதையும் செய்யுங்கள். இதையும் செய்யுங்கள். பேச்சு வரும்போது வரட்டும். ஆனால் அவனுக்கு இன்று பசித்தால், அவன் இன்றே சொல்ல வேண்டும்."

அந்த ஆள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு இன்னும் கொஞ்சம் நகர்ந்து முழுசாகப் படத்துக்குள் வந்தார்.

மலர்விழி அவரைப் பார்த்துக் கைகளை உயர்த்தினார். 'இன்னும் வேண்டும்.' மெதுவாக, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. தோட்டவேலை செய்து தடித்துப்போன விரல்களால் அவரும் செய்து பார்த்தார். சரியில்லை என்று தலையாட்டினார் மலர்விழி. திரும்பச் செய்தார். பிறகு 'போதும்.' அதுவும் முழுசாக. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அப்பா ஒரு துண்டு மாம்பழத்தை எடுத்துப் பையனுக்கு ஊட்டினார். முகில் தின்று முடித்து, அம்மாவைப் பார்க்காமல் நேராக அப்பாவைப் பார்த்துக் கையைக் காட்டினான். இன்னும்.

"கேக்கறான் புள்ள!" என்று அவர் சத்தம் போட்டது நாகல் நகர்த் தெருவரைக்கும் கேட்டிருக்கும். இன்னொரு துண்டு கொடுத்தார். மறுபடி கேட்டான். மறுபடி கொடுத்தார். கிண்ணம் காலியாகிற வரைக்கும் அப்பாவும் பிள்ளையும் வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை. தனலட்சுமி அழுதார், ஆனால் இது வேறு அழுகை. நான் குடையைக் கொஞ்சம் தாழ்த்தி என் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வகுப்பு முடிவதற்குள் கீழே வேலை முடிந்துவிட்டது. ஆரோக்கியம் மாடிப்படியில் வந்து நின்று, வாய் திறக்கப் போய், நிறுத்தி, மலர்விழியின் பார்வை படும் இடமாகப் பார்த்து முன்னால் வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எல்லாரும் கீழே போய் மாடி அறையில் சோதித்துப் பார்த்தோம். மோடம் தன் வேலையை மட்டும் பார்த்தது, ரவுட்டர் தன் வேலையைப் பார்த்தது. மலர்விழி தன் சிநேகிதி ஒருவரை வீடியோவில் அழைத்து, வேண்டுமென்றே வேகவேகமாகக் கை வீசிப் பேசிப் பார்த்தார். எங்கேயும் நிற்கவில்லை. ஆரோக்கியம் காந்திகிராமத்துக்குக் கிளம்பினார். அவர் போய்ச் சேர்ந்தபோது கம்பியை ஒட்டி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, இவங்களுக்குப் போன் போடக் கூடாதுன்னு சிஸ்டத்துல எங்க எழுதுறது?" என்றார். எழுத இடமே இல்லை. தலைமை அலுவலகத்துக்குக் கேட்டு எழுதினார், அது வர நாளாகும் என்றும் தெரியும். எந்த ஊழியர் திறந்தாலும் கட்டாயம் கண்ணில் படுவது வாடிக்கையாளர் பெயர் ஒன்றுதான். அதனால் பெயருக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிட்டேன். அடுத்த மாத பில் 'மலர்விழி போன் வேண்டாம் மெசேஜ் மட்டும்' என்ற பெயரிலேயே அச்சாகிப் போனது. மலர்விழி அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, கூடவே சிரிக்கிற முகம் ஒரு வரிசை அனுப்பியிருந்தார். இப்போது உங்கள் திரையில் அதற்கென்று தனி இடம் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கண்ணில் படுகிற ஒரு குறைக்குத் திரையில் இடம் இல்லையென்றால், இடம் இருக்கிற எங்காவது முதலில் எழுதிவையுங்கள். முறையாக வருவது பின்னால் வரட்டும்.

அப்புறம், வகுப்பு நடந்த அந்தச் சாயங்காலம் நான் உடனே கிளம்பிவிடவில்லை. மலர்விழி காபி போட உள்ளே போயிருந்தார். கடைசி டிரிப்பை முடித்துவிட்டுப் பாண்டி வந்தார், கையில் வடைப் பொட்டலம். வாசலில் என் செருப்பைப் பார்த்ததும் பயந்துபோய், "என்னாச்சு மேடம், இன்னும் வரலையா?" என்றார்.

"வந்துருச்சுப்பா. எல்லாம் நல்லா முடிஞ்சுது" என்றேன்.

காபியோடு வந்த மலர்விழி, தம்ளர்களை வைத்துவிட்டுத் தன் வீட்டுக்காரரிடம் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். என்னிடம் தட்டிக்காட்டிய சுருக்கமான மனுஷி இல்லை இவர். கைகள், புருவம், தோள் எல்லாம் சேர்ந்து வேகமாகப் பேசின. குடை வந்தது, மாம்பழம் வந்தது, அது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு புரியாத ஒன்று வந்தது. பாண்டி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க மலர்விழியும் சிரித்தார்.

"என்னப்பா சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"சும்மா சொல்லு."

"நீங்க மதியம் யார்கிட்டயோ ரொம்ப நேரம் போன்ல பேசுனீங்களாம்ல? மேனேஜராமே? பேசும்போது ஒத்தக் கைய அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டிப் பேசுனீங்களாம். அவளும் என்னதான் சொல்றீங்கன்னு உன்னிப்பாப் பாத்துக்கிட்டே இருந்தாளாம். ஒரு வார்த்தகூட உருப்படியா வரலயாம் மேடம்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காபி கொட்டாமல் இருக்கத் தம்ளரைக் கீழே வைத்தேன். "என்னதான் சொன்னேனாம், கேளு" என்றேன். பாண்டி கேட்டார். மலர்விழி கொஞ்சம் யோசித்து, என் கை ஆடியதை அப்படியே ஆடிக் காட்டிவிட்டு, பதில் சொன்னார்.

"ஒரு எடத்துல மட்டும் லேசா அர்த்தம் வந்துச்சாம் மேடம்" என்றார் பாண்டி. "'ஆட்டுக்குட்டி மழையில நனையுது'ங்கிற மாதிரி."

மூன்று பேரும் சிரித்து முடிக்க வெகு நேரமாயிற்று. வடை ஆறிப்போயிருந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது.